ஆயிரம் கலோரிக்குள் லோகேஸ்வரி

கிள்ளானில் நான் வேலை செய்யும் டயாலிசிஸ் மையத்தில், நோயாளிகள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருவதற்கு முன் எடை பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கிவிடும். இரண்டு நாளில் இரண்டு கிலோ, மூன்று கிலோ ஏறியிருக்கும். எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு நீரை நாலு மணி நேரத்தில் இயந்திரம் இழுக்க வேண்டும். எடையைத் தப்பாகக் குறித்தால் மிச்சத் தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும், மூச்சு முட்டும்.

எங்கள் மையத்தில் அந்த எடையைக் குறிப்பவள் லோகேஸ்வரி. வயது முப்பத்திரண்டு. உயரம் நாலடி எட்டு அங்குலம். கையும் பாதமும் பத்து வயதுப் பிள்ளையுடையதைப் போலச் சிறியவை.

சபாபதி அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐஸ் போட்ட தேத்தண்ணீரை விட முடியாத மனிதர். எடை மேடையில் ஏறும்போது ஒரு விரலை மட்டும் சுவரில் ஊன்றிக்கொள்வார். முள் குறைவாகக் காட்டும், எங்களிடம் திட்டு வாங்காமல் தப்பிப்பார். வருஷக்கணக்காக நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. லோகேஸ் எடை மேடைக்கு வந்த முதல் வாரமே கவனித்துவிட்டாள்.

"அங்கிள், கை."

"என்னம்மா கை?"

"கை சுவத்துல இருக்கு. எடுங்க."

"பேலன்ஸ் இல்லம்மா. விழுந்துட்டா என்ன செய்யறது? நீ புடிச்சுக்குவியா?"

"புடிக்க மாட்டேன். புடிச்சா எடை மாறும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அங்கிள் விரலை எடுத்தார். ஒரு கிலோ நானூறு கிராம் கூடியது. லோகேஸ் சிரிக்கவில்லை. அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

என் பெயர் புனிதா. இந்த மையத்தில் மூத்த நர்ஸ். இங்கே எல்லோரும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். இந்தப் பெண்ணைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அவள் கதையில் பாதியை அவள் அம்மா வள்ளியம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். மீதி என் கண் முன்னால் நடந்தது.

பிறந்தபோது அவள் அழவில்லையாம். துணியைப் போலத் தொய்ந்து கிடந்திருக்கிறாள். பால் உறிஞ்சத் தெம்பில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஏழு வாரம் பால் கொடுத்தார்கள். கழுத்து நிற்க ஒன்பது மாதம், நடக்க இரண்டரை வயது. ஒரு வாய் சாப்பிட வைக்க ஒரு மணி நேரம் போராடுவாராம் வள்ளியம்மா. அவர் அப்போது பண்டமாரானில் வீட்டு வாசலிலேயே நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, வடை, இட்லி போட்டு விற்றுக்கொண்டிருந்தார். காலை ஏழு மணிக்கு லோரிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஊருக்கே சமைக்கிறேன், என் பிள்ளை மட்டும் சாப்பிட மாட்டேங்குதே என்று அவருக்குக் குறை.

மூன்றரை வயதில் எல்லாம் தலைகீழாக மாறியது. ஒரு நாள் பிள்ளை தானாகவே இட்லியை எடுத்துத் தின்றாள். வள்ளியம்மாவுக்கு ஆனந்தம். அடுத்தடுத்து ஐந்து இட்லி. பிறகு நிற்கவே இல்லை. சட்டியில் வைத்த சாம்பார், வாளியில் ஊறும் பச்சை அரிசி, குப்பைத் தொட்டியில் போட்ட ரொட்டி ஓரம், எதுவும் மிஞ்சாது. வயிறு நிறைந்தது என்ற பேச்சே கிடையாது. ஆறு வயதில் முப்பத்தாறு கிலோ. ஒன்பது வயதில் ஐம்பத்தெட்டு. உயரம் மட்டும் ஏறவில்லை.

"கிளினிக்குக்குப் போனா என்னைத்தான் ஏசுவாங்க, மிஸ்ஸி," என்றார் வள்ளியம்மா. "சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன்னு தெரிஞ்சா போதும். கண்டதையும் ஊட்டி ஊட்டி வளக்கறீங்க, பிள்ளையைக் கொல்லப் போறீங்கன்னு ஒருத்தங்க முகத்துக்கு நேரா சொன்னாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன். ராத்திரி பகலா அதே நினைப்பு."

ஒன்பது வயதில்தான் ஒரு இளம் டாக்டர் பிள்ளையின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறந்தபோது பால் குடித்தாளா என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மரபணுப் பிரிவுக்கு அனுப்பினார். இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து பெயர் தெரிந்தது. பிராடர்-வில்லி.

பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு சிறு பகுதி வேலை செய்யவில்லை. அதனால் சாப்பிட்டது போதும் என்று வயிறு சொல்வதை மூளை கேட்பதில்லை. எப்போதும் பசி. நாம் காலையில் எதுவும் சாப்பிடாமல் மத்தியானம் மூன்று மணி வரை இருந்தால் எப்படி இருக்குமோ, அவளுக்குச் சாப்பிட்டு முடித்த கையோடு அப்படி இருக்கும். அது பாதி. மறு பாதி இன்னும் கொடுமை. இந்த உடம்பில் தசை குறைவு. தசை குறைந்தால் உடம்பு எரிப்பதும் குறைவு. மற்ற பெண்கள் ஒரு நாளைக்குச் சாப்பிடுவதில் பாதியைச் சாப்பிட்டாலே இவளுக்கு அது சரியாகப் போய்விடும். கொஞ்சம் கூடினாலும் கொழுப்பு. ஆயிரம் கலோரிதான் உனக்கு என்று உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்தார். வளர்ச்சி ஹார்மோன் ஊசி என்று ஒன்று உண்டு. சின்ன வயதிலேயே ஆரம்பித்தால் உயரமும் தசையும் கூடும். லோகேஸுக்கு அதற்குள் எடை ஏறி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்திருந்தது. அந்த நிலையில் ஊசி ஆபத்து என்று டாக்டர்கள் போடவில்லை.

"என் மேல தப்பு இல்லன்னு டாக்டர் சொன்னப்ப நான் அழுதேன்," என்றார் வள்ளியம்மா. "பக்கத்துல இருந்த நர்ஸு, பிள்ளைக்கு நோவுன்னு அழறேன்னு நினைச்சு முதுகைத் தடவிக் குடுத்தாங்க."

வீட்டுக்கு வந்த அன்றே கடையை மூடினார். பெரிய சட்டிகளை எடுத்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பழைய தையல் மெஷின் ஒன்று வந்தது. கணவர் கார்த்திகேசு லோரி ஓட்டுநர். சமையலறைக்குக் கதவு செய்து, பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டார்.

அப்படியும் எளிதாகப் போகவில்லை. பதினோரு வயதில் மரபணுப் பிரிவுக்குப் போய்த் திரும்பும் வழியில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டாள். அரை மணி நேரம் தேடி, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு வடைக் கடையில் கண்டுபிடித்தார் வள்ளியம்மா. ஒன்பது வடை தின்றிருந்தாள். கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாளாம்: "பிள்ளைக்கு வீட்டுல சோறு போடறதில்லையா?" பண்டமாரான் முழுக்கச் சோறு போட்டவர் பிள்ளையை இழுத்துக்கொண்டு ரயிலேறினார். அதற்கு முந்தைய வருஷம்தான் செலாயாங்கில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கூடத்தில், கேசரிப் பாத்திரத்துக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். உறவுக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வள்ளியம்மா எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. கல்யாணம், பிறந்தநாள், தீபாவளி விருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

பதினாறு வயதில் லோகேஸ் தொண்ணூற்றொரு கிலோ. டாக்டர் கார்த்திகேசுவைத் தனியாகக் கூப்பிட்டு, முப்பது வயதைப் பார்ப்பது கஷ்டம் என்றார். கார்த்திகேசு அதை மகளிடம் அப்படியே சொன்னார். மறைத்துப் பேச அவருக்கு வராது. அவள் கேட்டாள்: "நடந்தா பார்ப்பேனா?" நடந்தால் பார்க்கலாம் என்றார் அவர். மறுநாள் காலையிலிருந்து அப்பாவும் மகளும் நடக்க ஆரம்பித்தார்கள். முதல் நாள் தெருமுனை வரைக்கும். ஒரு வருஷத்தில் நாலு கிலோமீட்டர். மழை பெய்தால் குடை. அவளுக்கு ஒன்றைப் பழக்கமாக்கிவிட்டால் அதை யாராலும் மாற்ற முடியாது. அது இந்தக் குறைபாட்டோடு வரும் பிடிவாதம் என்கிறது மருத்துவப் புத்தகம். அந்தப் பிடிவாதத்தையே காலாக வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். வருஷத்துக்கு இரண்டு கிலோ, சில வருஷம் ஒன்று, ஒரு வருஷம் ஒன்றுமே இல்லை. பதினைந்து வருஷத்தில் முப்பது கிலோ இறங்கியது. பசி ஒரு துளியும் குறையவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

நான் அவளை முதலில் பார்த்தது அப்பாவோடு. கார்த்திகேசுவுக்கு நீரிழிவு சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி எங்கள் மையத்துக்கு வருவார். முடித்து எழும்போது தலை சுற்றும், கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று மகள் கூடவே வருவாள். நாலு மணி நேரமும் மூலையில் உட்கார்ந்து ஆயிரம் துண்டுப் படப் புதிர்களைச் சேர்ப்பாள். மூடியில் இருக்கும் படத்தைக்கூடப் பார்க்க மாட்டாள், துண்டின் வடிவத்தை வைத்தே சேர்ப்பாள். சில மாதத்தில் எங்கள் போர்வைகளை மடிக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கும்.

கார்த்திகேசு ஒரு வியாழக்கிழமை காலமானார். சனிக்கிழமை காரியம் நடந்தது. திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நான் கதவைத் திறக்கிறேன், லோகேஸ் வாசலில் நிற்கிறாள். பின்னால் வெள்ளைச் சேலையில் வள்ளியம்மா.

"சொன்னா கேக்க மாட்டேங்குறா மிஸ்ஸி," என்றார். "திங்கக்கிழமை, போகணும்னு நிக்கிறா."

அவள் உள்ளே போய் போர்வைகளை எடுத்தாள். அப்பா உட்காரும் நாற்காலிக்கும் ஒன்று விரித்தாள். அன்றைக்கு அதில் வேறு ஒருவர் உட்கார்ந்தார். அவருக்கும் விரித்துவிட்டாள். மத்தியானம் வரை அழாமல் வேலை செய்தாள். பிறகு எடை மேடைக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

மூன்று மாதம் இப்படியே வந்தாள். மையத்தின் நிர்வாகி திருச்செல்வத்திடம் நான்தான் பேசினேன். உதவியாளர் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். வேலையில் சேரும் முன் வள்ளியம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"பேன்ட்ரியைப் பூட்டி வைங்க மிஸ்ஸி. சாப்பாடு வெளிய இருக்கக் கூடாது. அவ முன்னால யாரும் சாப்பிடக் கூடாது."

தலையாட்டினேன். ஆனால் நாங்கள் சாப்பிடும் அந்தச் சின்ன அறையைப் பூட்டவில்லை. இருபத்தெட்டு வயதுப் பெண், நம்மோடு வேலை பார்க்கிறவள், அவளுக்காகப் பூட்டுப் போட்டால் திருடியைப் போல ஆகிவிடாதா என்று நினைத்தேன். அது மரியாதை என்று எனக்கு எண்ணம்.

இரண்டாவது மாதம், ஒரு நோயாளியின் பேரனுக்குப் பிறந்தநாள் என்று கேக்கும் கறிபஃபும் கொண்டு வந்து பேன்ட்ரியில் வைத்துவிட்டுப் போனார்கள். பத்து மணிக்கு ஒருவருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியது. நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றோம். இருபது நிமிஷம். திரும்பி வந்து பார்த்தால் கேக்கில் பாதியைக் காணோம். கறிபஃப் பதினான்கு இருந்தது, இரண்டுதான் மிச்சம். சீனி டப்பா காலி. லோகேஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் கிரீம்.

இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாந்தி லேசில் வராது. வலியும் சரியாகத் தெரியாது. வயிறு ஊதி உள்ளேயே கிழிந்தாலும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதைப் படித்திருந்தேன், அப்போதுதான் பயந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தையலை அப்படியே போட்டுவிட்டு வந்த வள்ளியம்மா, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை டாக்டர் கையில் கொடுத்தார். இவளுக்கு என்ன குறைபாடு, எதைக் கவனிக்க வேண்டும் என்று மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு உடனே வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் நான் வள்ளியம்மாவிடம் பூட்டாததை ஒப்புக்கொண்டேன். "எல்லாரும் ஒரு தடவை அப்படித்தான் செய்வாங்க," என்றார் அவர். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

திருச்செல்வம் அவளை நிறுத்திவிடலாம் என்றார். இனி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். வெள்ளிக்கிழமை காலை லோகேஸ் வந்தாள். நேராக அவர் அறைக்குள் போய், பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"பேன்ட்ரிக்குப் போடுங்க, சார். சாவி என்கிட்ட குடுக்காதீங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க. கெஞ்சுவேன். குடுக்காதீங்க."

திருச்செல்வம் கொஞ்சம் சங்கடப்பட்டார். "பூட்டுப் போட்டா உனக்குக் கஷ்டமா இருக்காதாம்மா?"

"திறந்திருந்தாத்தான் கஷ்டம்," என்றாள். "திறந்திருந்தா எடுக்கலாமா, யாரும் பாக்கறாங்களா, எப்ப போகலாம்னு தலைக்குள்ள அதே ஓடும். வேலை செய்ய முடியாது. பூட்டியிருந்தா இல்லன்னு தெரியும். இல்லன்னு தெரிஞ்சா நிம்மதி. நான் வேலை செய்யணும் சார்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. திருச்செல்வம் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவரே எழுந்து போய் மாட்டினார். அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட்டோம்: மையத்துக்குள் யாரும் வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது. லோகேஸுக்கு மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, அம்மா கட்டிக் கொடுத்த டப்பா, என் அறையில். அதில் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பருக்கை கூட இங்கே அவள் எடுத்ததில்லை. எடை மேடை அவள் பொறுப்புக்கு வந்தது. சிறு வயதிலிருந்து வாரா வாரம் எடை மேடையில் ஏறியவள். என்னென்ன ஏமாற்று வேலை உண்டு என்று அவளுக்குத் தெரியாததில்லை.

சபாபதி அங்கிள் முதலில் அவளிடம் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் நாலு கிலோ ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. நான் ஏசினேன். "உங்களுக்கு என்ன மிஸ்ஸி, தாகம்னா என்னன்னு தெரியுமா?" என்று எரிந்து விழுந்தார். பக்கத்தில் நின்ற லோகேஸ் சொன்னாள்: "எனக்குத் தெரியும் அங்கிள். எனக்கு இப்ப பசிக்குது. நேத்தும் பசிச்சுது. சாப்பிட்டாலும் பசிக்கும். நாளைக்கும் பசிக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். "அப்ப என்ன செய்வே?"

"போர்வை மடிப்பேன்."

அங்கிள் போய் நாற்காலியில் சாய்ந்தார். அடுத்த தடவை இரண்டு கிலோவோடு வந்தார். காலையில் ஒரு போத்தலில் அன்றைக்குரிய தண்ணீரை ஊற்றி வைத்து, அதைத் தவிர எதையும் தொடுவதில்லை என்றார். ஐஸ் தேத்தண்ணீர் வாரத்துக்கு ஒன்று, அதுவும் சின்ன கிளாஸ். லோகேஸ் ஒவ்வொரு தடவையும் எடையைக் குறித்துவிட்டு, "இன்னும் முந்நூறு கிராம் குறைக்கலாம் அங்கிள்," என்பாள். பாராட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை. மூன்று வருஷம் ஆகிறது. அவர் ஒரு தடவை கூட மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

போன மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையோடு அங்கிள் வள்ளியம்மாவின் வீட்டுக்கே போய்விட்டார். வள்ளியம்மா பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாங்க எங்கேயும் வர்றதில்லண்ணே, தப்பா நினைக்காதீங்க என்றாராம். லோகேஸ் உள்ளேயிருந்து வந்தாள்.

"என்ன சாப்பாடு அங்கிள்? எத்தனை மணிக்கு?"

"கோயில் மண்டபம்மா. இலை போட்டுச் சைவச் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கு."

"எழுதிக் குடுங்க."

சமையல்காரரிடம் கேட்டு என்னென்ன பரிமாறுவார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார் அங்கிள். லோகேஸ் அதை உணவியல் நிபுணரிடம் எடுத்துப்போனாள். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சோறு ஒரு கரண்டி. சாம்பார் ஒரு கரண்டி. காய்கறி எல்லாம். அப்பளம் ஒன்று. வடை பாதி. பாயசம், கேசரி இல்லை. அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வள்ளியம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்னையும் அவர்களோடு உட்காரச் சொன்னார்.

அன்று லோகேஸ் மயில் நீலப் பட்டுக் கட்டியிருந்தாள். அவள் உயரத்துக்கு ஏற்றபடி வள்ளியம்மாவே சேலையை வெட்டித் தைத்திருந்தார். தாலி கட்டும்வரை எல்லாம் நன்றாகப் போனது. பன்னிரண்டு மணியானது. இலை போடவில்லை. கல்யாணத்தைப் பதிவு செய்ய வரவேண்டியவர் தாமதம், படம் எடுப்பவர்கள் விடவில்லை. பன்னிரண்டே கால். பின்னாலிருந்து ரசத்தின் வாசனை மண்டபத்துக்குள் வர ஆரம்பித்தது.

"எத்தனை மணிக்கு மிஸ்ஸி?"

"இதோ இப்ப போட்டுடுவாங்க."

"எத்தனை மணிக்கு?"

எனக்கே நேரம் தெரியவில்லை. ஐந்து நிமிஷத்தில் பத்துத் தடவை கேட்டாள். குரல் ஏறியது. முகம் சிவந்து, இடது கையின் தோலை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தாள். முன் வரிசையிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வள்ளியம்மா எழுந்துவிட்டார். "போதும் லோகேஸ். வீட்டுக்குப் போலாம். டப்பா வெளிய நிக்கிற காடியில இருக்கு, அங்கேயே சாப்பிட்டுக்கலாம்." செலாயாங்கை நினைத்திருப்பார்.

"வீட்டுக்கு வர மாட்டேன்," என்றாள் லோகேஸ். சத்தமாகத்தான் சொன்னாள். "டப்பா வேணாம். நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிடணும். மிஸ்ஸி, நடக்கலாம் வாங்க."

வெயிலில் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடந்தோம். பட்டுச் சேலையில் நான், பட்டுச் சேலையில் அவள். கார்களுக்கு நடுவில் வேகமாக நடந்தாள். ஒவ்வொரு சுற்றையும் சத்தமாக எண்ணினாள். முதல் மூன்று சுற்றுக்கு அவள் மூச்சு அழுகையும் கோபமுமாகத்தான் வந்தது. ஆறாவது சுற்றில் கையைப் பிய்ப்பது நின்றது. ஒன்பதாவது சுற்றில் சபாபதி அங்கிள் வேர்த்து வழிய வாசலுக்கு வந்தார். பெண்ணின் அப்பா, மாலையோடு.

"இலை போட்டாச்சும்மா. வா."

"பத்து முடிச்சுட்டு வரேன் அங்கிள்," என்றாள்.

பந்தியில் அவளுக்கு இடது பக்கம் அம்மா, வலது பக்கம் நான். தாளை எடுத்து இலைக்கு மேலே வைத்தாள். பரிமாறுகிறவர்களுக்குக் கல்யாணத்தில் கை தாராளம். சோற்றுக் கரண்டி ஒரு தடவை விழுந்தது. இரண்டாவது வருவதற்குள் லோகேஸ் இலைக்கு மேல் தன் சின்னக் கையை விரித்தாள்.

"போதும்."

பரிமாறியவர் சிரித்தார். "என்னம்மா, குருவிக்குப் போடற மாதிரி? நல்லா சாப்பிடும்மா."

"போதும், அண்ணே."

பாயச வாளி வந்தது. நெய்யும் ஏலக்காயும் மணந்தது. பக்கத்திலிருந்த எனக்கே நாக்கு ஊறியது. அவள் உடம்பு ஒரு நாளும் அவளிடம் சொல்லாத வார்த்தையை அவள் மூன்றாவது தடவை சொன்னாள். கையை எடுக்கவே இல்லை. வாளி அடுத்த இலைக்குப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு தலையைக் குனிந்து, வடையைச் சரிபாதியாகப் பிட்டு, ஒரு பாதியை என் இலையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு காயாக. இருபத்தைந்து நிமிஷம். முடித்து இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

வள்ளியம்மா சாப்பிடவே இல்லை. மகள் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "சாப்பிடுங்கக்கா," என்றேன். அப்போதுதான் இலையில் கை வைத்தார். பிறகு இரண்டு தடவை சோறு வாங்கினார். பாயசமும் வாங்கினார். அவர் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வெளியே வந்தபோது மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் லோகேஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு வள்ளியம்மாவிடம் கேட்டார்: "உங்க மகளா? என்ன பண்றாங்க?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் வருமோ என்று நான் பார்த்தேன். வள்ளியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"டயாலிசிஸ் சென்டர்ல வேலை பாக்கறா. கல்யாணப் பொண்ணோட அப்பா கூட அங்கதான் வர்றாரு. அங்க வர்ற அறுபது பேருக்கும் இவதான் எடை பாக்கறது."

லோகேஸ் அம்மாவின் கையைத் தட்டினாள்.

"எடை மட்டும் இல்லம்மா. இந்த மாசத்துலேருந்து பிளட் பிரஷரும் நான்தான் பாக்கறேன்."

"ஆமா," என்றார் வள்ளியம்மா அந்த அம்மாவிடம். "பிளட் பிரஷரும் இவதான்."